ஒரு ரூபாய் கீழே

கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பிடி மண் போட்டுக்கொண்டிருந்தோம். என் முறை வந்தது. குனிந்து மண்ணை அள்ளும்போது சட்டைப்பையில் போன் நடுங்கியது. அணைத்துவைக்காமல் வந்துவிட்டோமே என்ற கூச்சத்தோடு மண்ணைப் போட்டுவிட்டு, ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிப் பார்த்தேன். 'போட்டியாளரின் விலை மாறியுள்ளது' என்றிருந்தது.

எனக்கு இந்த ஊரில் போட்டியாளர் என்று இருந்தவர் ஒருவர்தான். அவர் மேல்தான் அப்போது மண் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

என் தொழிலைச் சொன்னால்தான் இது விளங்கும். சொன்னாலும் என் மாமனாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. இணையதளங்களுக்கு ஒரு முகவரி வேண்டுமல்லவா, புள்ளி காம், புள்ளி இன் என்று முடியுமே, அந்தப் பெயர்களை விற்கிறவன் நான். விற்கிறவன் என்பதுகூடப் பெருமைக்குச் சொல்வது. வருடவாடகைக்கு விடுகிறவன். மும்பையில் ஒரு பெரிய மொத்தக்காரர் இருக்கிறார். அவரிடம் முன்பணம் கட்டிவைத்து, அது கரையக் கரைய நான் பெயர்களை எடுப்பேன். என்னிடமிருந்து எழுமலையில் ஃபிளக்ஸ் அடிக்கிறவர், டி. கல்லுப்பட்டியில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர், அலங்காநல்லூரில் கல்யாண வீடியோ எடுக்கிறவர் போன்ற சில்லறைக்காரர்கள் வாங்குவார்கள். அவர்களிடமிருந்து பள்ளிக்கூடங்களும் பல் ஆஸ்பத்திரிகளும், ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கும் குழுக்களும் வாங்கும். கண்ணுக்குத் தெரியாத சரக்கு. எடை கிடையாது, குடோன் கிடையாது, கெட்டுப்போகாது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் செத்துப்போகும்.

அவரும் இதையே விற்றார். ஆரம்பத்தில் காளவாசல் பக்கம் ஒரே அறையில் ஆளுக்கொரு மேசை போட்டு உட்கார்ந்தவர்கள் நாங்கள். மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பிறகு சில பள்ளிக்கூடங்களை அவர் என்னிடமிருந்து இழுத்தார், அல்லது நான் அவரிடமிருந்து இழுத்தேன். இருவரிடமும் தனித்தனிக் கதை இருந்தது, இரண்டிலும் யோக்கியன் வேறுவேறு ஆள். அதிலிருந்து பேச்சு நின்றது. கல்யாண வீடுகளில் பார்த்தால், இலைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு சாம்பாரைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அவர் என்னை அடித்த விதம் எளிமையானது. நான் என்ன விலை வைத்தாலும் அதற்கு ஒரு ரூபாய் கீழே வைப்பார். நான் காலையில் குறைத்தால் டீ ஆறுவதற்குள் அவரும் குறைப்பார். ஏற்றினால் ஏறுவார், ஒரு ரூபாய் மட்டும் பின்தங்கி, குடை பிடித்துக்கொண்டு வருகிற ஆள் மாதிரி. ஒருமுறை ஈஸ்டர் ஆராதனை நடக்கிற நேரம் பார்த்து வேண்டுமென்றே விலையை மாற்றினேன். சற்று நேரத்தில் அங்கேயும் மாறியது. 'தேவாலயத்தில் உட்கார்ந்துகொண்டு விலை குறைக்கிறானே பாவி' என்று வீட்டில் புலம்பினேன். அவருடைய ஆன்மாவுக்காக நான் உண்மையிலேயே வருந்திய ஒரே சந்தர்ப்பம் அது.

அடக்கத்தன்று நடந்தது இதுதான். மும்பைக்காரர் விலை ஏற்றுவதால் அன்று காலை என் விலையும் தானாக ஏறும்படி முன்கூட்டியே வைத்திருந்தேன். பேருந்தில் போகும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை என்ற செய்தி வந்தது அதற்குப் பிறகு. போதகர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது என் விலை ஏறியிருக்கிறது. நாங்கள் மண் போட்டபோது அவருடையதும் ஏறியிருக்கிறது. என்னுடையதற்கு ஒரு ரூபாய் கீழே.

வேப்பமரத்தடியில் நின்றபோது எனக்குப் புரிந்தது. அவர் ஒருநாளும் என்னைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. என் பக்கத்தைப் பார்த்து, அதில் ஒன்றைக் கழித்துப் போடு என்று கம்ப்யூட்டருக்கு ஒரு வரி எழுதிவைத்துவிட்டு அவர் பாட்டுக்கு இருந்திருக்கிறார். நான் அவரை நினைத்துப் பல்லைக் கடித்த காலைகளில் அவர் நிம்மதியாக இட்லி சாப்பிட்டிருக்கிறார். இத்தனை வருடம் நான் சண்டை போட்டது ஒரு வரியோடு. அந்த வரி இப்போதும் உயிரோடு இருந்தது.

அடுத்த சில வாரங்கள் நான் செய்ததை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். காலையில் அலுவலகம் திறந்ததும் விலையை மாற்றுவேன். காத்திருப்பேன். அங்கே மாறும். ஒரு ரூபாய் கீழே. அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை ஓடும். வணக்கம் சொல்லிப் பதில் வணக்கம் வாங்குகிற மாதிரி. பேச்சு நின்றுபோன ஆளோடு அவர் செத்த பிறகு தினமும் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் துணிந்து, பழைய முகவரிக்கு ஒரு மெயிலும் போட்டேன். அதில் எதுவும் எழுதவில்லை. உடனே பதில் வந்தது: 'உங்கள் கடிதம் கிடைத்தது. விரைவில் தொடர்பு கொள்கிறேன்.' அன்று மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் வெளியே போய் நின்றேன்.

எழுமலை ஃபிளக்ஸ்காரர் போன் செய்தார்.

"என்னண்ணே, தக்காளி வெல மாதிரி ஏத்தி ஏத்தி எறக்குறீங்க? நா கஸ்டமருக்கு என்னன்டு சொல்ல?"

"சும்மா ஒரு டெஸ்டிங்."

"அந்த அண்ணன் கடைலயும் ஏறி எறங்குது. அவரு போய்ச் சேந்துட்டாருல்ல? அவருக்கு யாருண்ணே மாத்துறது?"

"கம்ப்யூட்டர் மாத்துது."

"செத்தும் ஒங்கள விட மாட்டேங்குறாரே," என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "கோவிச்சுக்காதீங்கண்ணே, இந்த ரெண்டு சைட்டுப் பேர மட்டும் அங்கயே போட்டுட்டேன். ஒரு ரூவா கம்மில்ல," என்றார்.

அப்போதுதான் டீச்சர் வந்தார். இறந்தவருடைய மனைவி. மிஷன் பள்ளியில் கணக்கு எடுக்கிறவர், எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்குமே அவர் டீச்சர்தான். கையில் கணவரின் போன். அது இறந்தவரின் விரலை மட்டுமே கேட்கிற போன்.

"தெனமும் யாராச்சும் கூப்புடுறாங்கண்ணே. சைட் வரல, மெயில் வரலன்னு. நான் என்ன சொல்லுறது? அவரு இல்லைன்னு சொன்னா, எப்ப வருவார்னு கேக்குறாங்க. கடைய மூடிருங்கண்ணே. கஸ்டமர் எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கங்க."

நாற்காலியில் நேராக நிமிர்ந்துகொண்டேன். வாழ்நாள் முழுக்க நான் கேட்க விரும்பிய வாக்கியம் அது.

"பாஸ்வேர்டு வேணுமே டீச்சர்."

"தெரியாது. ஆனா அவரு அடிக்கடி சொல்லுவாரு, நம்ம வீட்டுச் சாவி அவன்கிட்டதான் இருக்குன்னு."

சாவி என்று அவர் சொன்னது ஒரு பழைய ஏற்பாடு. எங்கள் தொழிலில் ஒரு பயம் உண்டு. மும்பைக்காரர் ஏதாவது தகராறில் உங்கள் கணக்கைப் பூட்டிவிட்டால், அதில் உங்கள் சொந்தக் கடையின் பெயரும் இருந்தால் அதுவும் பூட்டிக்கொள்ளும். மெயிலும் நின்றுபோகும். பூட்டைத் திறக்கச் சொல்லிக் கடிதம் எழுதக்கூட முகவரி இருக்காது. அதனால் ஒரே அறையில் இருந்த நாட்களில் என் கடையின் பெயரை அவர் கணக்கிலும், அவர் கடையின் பெயரை என் கணக்கிலும் வைத்துக்கொண்டோம். பேச்சு நின்ற பிறகும் இருவருமே அதை மாற்றவில்லை. வருடாவருடம் அவருடையதை நான் புதுப்பித்தேன், என்னுடையதை அவர் புதுப்பித்தார். ஒருவர் கழுத்தில் ஒருவர் கத்தி வைத்திருக்கிறோம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டில் அதைச் சாவி என்று சொல்லியிருக்கிறார்.

பெயர் என் கையில் இருந்ததால் அவருக்கு வரும் மெயிலை என் பக்கம் திருப்பிவிட முடிந்தது. டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே செய்தேன். முதலில் வந்து விழுந்த கடிதம், 'உங்கள் இணையதளத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம்' என்ற விளம்பரம். அதற்கு அடுத்தது புதுப் பாஸ்வேர்டு போடுவதற்கான மெயில். திறந்தது.

உள்ளே போனதும், மூடினால் என்னென்ன நிற்கும் என்று வாத்தியார் வேலை பார்ப்பவரிடமே வாத்தியார் மாதிரி சொல்லிக்கொண்டு போனேன். விற்பனை நிற்கும். ஞாபகப்படுத்தும் மெயில் நிற்கும். பிறந்தநாள் வாழ்த்து நிற்கும்.

"எந்த வாழ்த்து?"

"கஸ்டமர் பொறந்தநாளுக்கு ஒரு மெசேஜ் போகும் டீச்சர். எல்லாருமே வச்சிருப்போம்."

டீச்சர் திரையைப் பார்த்தார். வாடிக்கையாளர் பட்டியலில் முதல் பெயர் டீச்சருடையது. கடை போட்டபோது எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க யாராவது ஒரு ஆளை உள்ளே போட வேண்டும். மனைவியைப் போட்டிருக்கிறார். அதை எடுக்கவே இல்லை.

"வருசா வருசம் வரும்," என்றார். "அன்பு வாடிக்கையாளரேன்னு. காலைல வராது. ரெண்டாவது பீரியடுலதான் வரும். ஏங்க, பொண்டாட்டிக்கு வாழ்த்துச் சொல்ல வெயில் ஏறணுமான்னு கேட்டா, சர்வர் அமெரிக்காவுல இருக்கு, அங்க பொழுது விடிய வேணாமாம்பாரு. நேர்ல ஒருநாளும் சொன்னதில்ல. அதேன் அனுப்பிட்டேன்ல என்பாரு."

டீச்சருக்கு வாங்கிவைத்த சர்க்கரை போடாத காபி ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இந்த வருசத்துது வந்ததுக்கப்புறம் மூடலாமா?"

பள்ளிக்கூடம் திறந்து சில வாரம் கழித்து டீச்சருடைய பிறந்தநாள். அப்போது நடந்துகொண்டிருந்தது கோடை விடுமுறை. சரி என்றேன். ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அவ்வளவு இல்லை. வாழ்த்து போக வேண்டுமானால் கடை மூச்சுவிட வேண்டும். கடை மூச்சுவிட மும்பையில் முன்பணம் இருக்க வேண்டும். அது அடிமட்டத்தில் கிடந்தது. அது தீர்ந்தால் மும்பைக்காரர் கணக்கை முடக்குவார், எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும். வாடிக்கையாளர்கள் கட்டும் பணம் அவருடைய வங்கிக் கணக்கில் விழும், வாரிசுச் சான்றிதழ் வரும்வரை அதைத் தொட முடியாது. கோடையோ எங்களுக்கு அறுவடைக் காலம். பள்ளிக்கூடங்கள் எல்லாம் அட்மிஷனுக்கு முன்னால் புதுப்பிக்கும். அவை விலையைப் பார்க்கும். ஒரு ரூபாய் குறைவான இடத்துக்குப் போகும்.

ஆகவே அந்தக் கோடையில் நான் செய்தது: என்னைவிட ஒரு ரூபாய் குறைத்து விற்கும் ஒருவருக்கு, அவர் தொடர்ந்து விற்பதற்காக, என் கையிலிருந்து முன்பணம் கட்டினேன். தீர்ந்தது, மறுபடி கட்டினேன். என் சில்லறைக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அங்கே ஆள் இல்லை என்பதால் ஆர்டர்களைச் சரிபார்த்து அனுப்பியதும் நான்தான்.

என் மனைவியிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை, முடிவதில்லை என்பது இன்னும் சரி. கேட்டுவிட்டுச் சொன்னாள்: "செத்தவருக்கு மொதல் போட்டு நம்ம கடைக்கு எதுத்தாப்புல கடை நடத்துறீக. நல்லா நடத்துங்க."

அவருடைய கணக்கின் உள்ளே அந்த வரியைப் பார்த்தேன். என் கடையின் முகவரி, ஒரு கழித்தல் குறி, ஒரு ஒன்று. அதை மட்டும் அழித்துவிட்டால் போதும். கடை ஓடும், வாழ்த்து போகும், என் பள்ளிக்கூடங்கள் திரும்பி வரும். டீச்சர் கேட்டது வாழ்த்தைத்தான், ஒரு ரூபாயை அல்ல. யாரும் குற்றம் சொல்ல முடியாது. கர்சரை அங்கே கொண்டுபோய் வைத்தேன். அது விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

அழிக்கவில்லை. நல்ல மனசு என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் காலை அலுவலகம் திறந்து விலையை மாற்றினால் பதில் வராதே என்று நினைத்தேன், அவ்வளவுதான். பயந்துவிட்டேன் என்றும் சொல்லலாம்.

வாழ்த்தின் வாசகத்தையும் பார்த்தேன். 'அன்பு வாடிக்கையாளரே, தங்களுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். இன்று மட்டும் தங்களுக்குச் சிறப்புத் தள்ளுபடி.' வேறு ஏதாவது எழுதலாமே என்று கை அரித்தது. கொஞ்சம் படித்தவன், நாலு வரி நன்றாக எழுதக்கூடியவன் என்று என்னைப் பற்றி எனக்கொரு அபிப்பிராயம் உண்டு. அவர் சொல்லியிருக்கக்கூடிய மாதிரி ஒன்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். செத்தவர் பேசுவது போலவே இருந்தது. அழித்துவிட்டு, அன்பு வாடிக்கையாளரே என்பதையே திரும்பப் போட்டேன்.

பிறந்தநாள் வந்தது. காலையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. முன்பணம் இருக்கிறதா, இருக்கிறது. மெசேஜ் அனுப்பும் வசதி ஓடுகிறதா, ஓடுகிறது. அமெரிக்காவில் நாள் மாறிவிட்டதா என்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு போன் அடித்தது. பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம்.

"வந்துருச்சுண்ணே," என்றார். பள்ளி வராந்தாவில் நிற்கிறார் போல. "போன் கொண்டுபோகக் கூடாது வகுப்புக்கு. கொண்டுபோய்ட்டேன்."

"சரி டீச்சர்."

"சாயங்காலம் வாரேன். எதையும் நிப்பாட்டிறாதீங்க."

சாயங்காலம் பள்ளிப் புடவையோடு நேராக வந்தார். மேசைக்கு எதிரே உட்கார்ந்து போனைக் காட்டினார்.

"தள்ளுபடி இன்னைக்கி மட்டும்னு போட்டுருக்கு. இத்தன வருசம் வந்திருக்கு, ஒருதடவகூட அவரு கடைல ஒண்ணும் வாங்கினதில்லண்ணே. எனக்கு எதுக்குன்னு விட்டுருவேன். இப்ப ஒரு பேரு வாங்கணும்."

"என்ன பேர்ல?"

"எம் பேர்லதான். வேற யாரு பேர்ல?"

பெயர் காலியாக இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மிகவும் கவனமாக, கணக்கு டீச்சர்களுக்கே உரிய கறாரோடு கேட்டார்.

"உங்க கடைல இது எம்புட்டு?"

சொன்னேன்.

"தள்ளுபடிக்கு முந்தி அவரு கடைல?"

"ஒரு ரூவா கம்மி."

"அப்ப அங்கயே வாங்கிக்கிறேன்," என்றார்.

இருவரும் சிரித்தோம். டீச்சர் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேசையில், என் மின்சாரத்தில், நான் கட்டிய முன்பணத்தில், என் கண் முன்னால் ஒரு வாடிக்கையாளரைச் செத்துப்போனவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனார். கடைசி ஆர்டர் அதுதான்.

"அவரு உங்கள ஜெயிச்சாராண்ணே?" என்று கேட்டார் டீச்சர்.

"கடைசி வரைக்கும் ஒரு ரூவா கீழதான் இருந்தாரு."

"அப்ப தோத்தாரா?"

"எங்க தொழில்ல அதுக்குப் பேருதான் ஜெயிக்கிறது டீச்சர்."

தலையை ஆட்டினார். "இப்ப நிப்பாட்டுங்க," என்றார்.

வாடிக்கையாளர்களை ஒவ்வொரு தொகுதியாக என் கணக்குக்கு மாற்றினேன். என் கடையின் பெயரும் அவரிடமிருந்து திரும்பி வந்தது, வெளியூரில் வளர்ந்த பிள்ளை மாதிரி. கடைசியாக அந்த வரி. இந்தமுறை கர்சரை அதிகநேரம் துடிக்கவிடவில்லை. டீச்சரின் பதிவு என் பக்கம் வந்தபோது, பிறந்தநாள் வாழ்த்து அனுப்பவும் என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். அடுத்த வருடம் ரெண்டாவது பீரியடில் என் கடையிலிருந்து ஒன்று போகக் கூடாது.

அவர் கடையின் பெயரை மட்டும் விடவில்லை. புதுப்பிக்காமல் விட்டால் அப்படிப்பட்ட பெயர்களுக்கென்றே காத்திருப்பவர்கள் பிடித்து, ரம்மி விளையாட்டு விளம்பரம் போட்டுவிடுவார்கள். திறந்தால் வெள்ளைப் பக்கம். அதில் வேறொன்றுமில்லை.

மறுநாள் காலை பழக்கதோஷத்தில் விலையை ஏற்றினேன். டீயைக் குடித்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளை. மறுபடி திறந்தேன். தெருவில் பஸ் ஹாரன் கேட்டது. என் விலைக்குக் கீழே யாரும் இல்லை. இந்த நகரத்தில் நான் வைத்ததுதான் விலை.

எழுமலைக்காரர் போன் செய்தார்.

"என்னண்ணே, அந்தக் கட மூடிருச்சா?"

"மூடியாச்சு. இனிமே எல்லாம் இங்கதான்."

"சந்தோசம்ணே. சந்தோசம்." கொஞ்சம் இழுத்தார். "ஒரு ரூவா மட்டும் கொறச்சுப் போடுங்கண்ணே."

"எதுக்கு? அதான் அவரு இல்லையே."

"அதேன்ணே. அவரு இல்லைல."

குறைத்துப் போட்டேன்.